முடிந்த வேண்டுகோளும் முடியாத பகிர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் நெருங்கினாலே தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது சென்னையில் வழக்கமாகிவிட்ட நிலையில், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அத்தகைய குழு ஒன்றில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ‘கைக்குழந்தைக்குப் பால் பவுடர் உடனே தேவை’ என்ற வேண்டுகோள், அந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்து மூன்று நாள் கழிந்த பிறகும், தேதியோ நேரமோ இன்றி எங்கள் குழுவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது; அதை நம்பி இருவர் இடுப்பளவு நீரில் மீண்டும் சென்று, வீணாக அலைந்து திரும்பினர்.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கும் வழியை 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பார்க்கலாம்; அங்கும் நேரில் பார்த்திராத பலர் சேர்ந்துதான் எழுதுகிறார்கள். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அங்கு தானாகவே பதிவாகிறது; கருத்து வேறுபாட்டைக் கட்டுரைக்குள் காட்டாமல் அதன் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்கிறார்கள்; பொதுப் பேச்சுக்கு ‘ஆலமரத்தடி’ என்றே (எத்தனை பொருத்தமான பெயர்!) தனி இடம் உண்டு.

ஆனால், வாட்ஸ்அப்பில் பகிரப்படும் செய்தியில் அது முதலில் எழுதப்பட்ட நேரம் தெரிவதில்லை. ஆகவே, வேண்டுகோளுக்குள்ளேயே தேதியையும் நேரத்தையும் எழுதவும், உதவி சேர்ந்ததும் அதே செய்திக்குப் பதிலாக ‘முடிந்தது’ என்று இடவும் குழு நிர்வாகிகள் இப்போதே வற்புறுத்த வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை