சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நான் அனுப்பும் செய்திகளை நீ திறப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உன்னை நான் குற்றப்படுத்தியது நாலு பேர் முன்னால். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். சபையார் சிலர் இதை வாசிப்பார்கள். யாராவது காட்டினால் அப்பாவும் வாசிப்பார். ஆகவே சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு தாண்டிவிடுவேன். உனக்குப் புரியும்.

இன்றோடு 9 வருடம்.

போன வாரம் வேத வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "கிறிஸ்தவங்க டாட்டூ குத்திக்கலாமா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு உன்னைத் தெரியாது. அரை மணி நேரம் பேசினேன். கோபமில்லாமல், அவளை இடையில் பேசவிட்டு, வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினேன். முடிவில் அவள் "தேங்க்ஸ் அக்கா" என்றாள். நீ கூப்பிடும் அதே "அக்கா". அந்த அரை மணியில் ஒரு நிமிடத்தைக்கூட அன்று நான் உனக்குத் தரவில்லை என்பது வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

அந்த ராத்திரி உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு உன் கைதான் முதலில் வருகிறது. முழங்கைக்குக் கீழே உள்பக்கம், மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. அதற்குள் தோல் சிவந்து வீங்கியிருக்க, கசிந்த மையும் நீரும் ஓரங்களில் தேங்கியிருந்தன. நீ அந்தத் தாளைப் பிரித்து விளக்கடியில் கையை நீட்டினாய். "இது போதும்" என்று இரண்டே சொல். அம்மாவின் கையெழுத்து. 'து'வின் வாலை அவர் இழுத்துச் சுழிப்பாரே, அந்தச் சுழி அப்படியே இருந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அடக்கம் முடிந்து 40 நாளில் நீ சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

நான் மருந்து எடுத்து வரவில்லை. வேதத்தை எடுத்து வந்தேன். லேவியராகமம் 19:28. "செத்தவனுக்காக உங்கள் சரீரத்தைக் கீறிக்கொள்ளாமலும், அடையாளமான எழுத்துக்களை உங்கள்மேல் குத்திக்கொள்ளாமலும் இருப்பீர்களாக, நான் கர்த்தர்." சபையில் வாசிக்கிற குரலில் வாசித்தேன். அடுத்த அறையில் ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரலில் வாசித்தேன். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "செத்தவனுக்காகன்னுதானே இருக்கு. அம்மா செத்துட்டாங்களாக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. "அம்மா இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பாங்க" என்றேன். நீ ஈரம் காயாத தோல்மேல் சட்டைக் கையை இறக்கிவிட்டாய். துணி ஒட்டிக்கொண்டது. வலித்திருக்கும்.

அந்தக் கேள்வியோடு 9 வருடமாக வாழ்கிறேன். உன்னைக் காப்பாற்ற நினைத்தவர்கள் எல்லாரும் சொன்ன வாதம் வேறு. அந்தக் கட்டளை, சுற்றியிருந்த இனத்தார் செத்தவர்களுக்காகத் தங்களைக் கீறிக்கொண்ட சடங்கைப் பற்றியது, அலங்காரத்துக்குக் குத்துவது அதில் சேராது என்பார்கள். நல்ல வாதம்தான். ஆனால் உன்னுடையது அலங்காரமில்லையே. நீ குத்திக்கொண்டது நம்மைவிட்டுப் போன ஒருவருக்காக. எல்லாரும் தப்பிக்கிற வாசல் உனக்கு மட்டும் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். வசனம் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவே நினைத்தேன். அடக்கத்தில் "நித்திரையடைந்தார்" என்று சொன்ன அதே வாயால் உனக்கு "செத்தவனுக்காக" என்று வாசித்தேன். நீ அதைத்தான் பிடித்துக் கேட்டாய். அம்மா உயிர்த்தெழுவார் என்று நான் விசுவாசித்தால், நீ செய்ததற்கு அந்த வசனத்தின் பெயரை எப்படி வைப்பேன்?

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் உன்னை ஜெயிப்பதற்காகத்தான் படித்தேன், அதையும் மறைக்கவில்லை. எபிரெயத்தில் "செத்தவனுக்காக" என்பது கீறுவதோடு மட்டுமே ஒட்டி நிற்கிறது. குத்துகிற எழுத்து தனி வாக்கியமாக வருகிறது. அந்தக் குத்துகிற எழுத்தைக் குறிக்க வரும் 'கஅகா' என்ற சொல் பழைய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வசனமில்லை. உபாகமம் 14:1 செத்தவனுக்காகக் கீறிக்கொள்வதை மறுபடி தடுக்கிறது, பச்சை குத்துவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாட்களில் அடிமையின் கையில் எஜமானின் பெயரைப் பொறிப்பார்கள். எகிப்தின் எலிபன்டைன் தீவில் யூதக் குடியிருப்பிலேயே அப்படிப் பெயர் பொறித்த அடிமைகள் இருந்ததை கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பத்திரங்கள் காட்டுகின்றன. அதனால் இந்தத் தடை துக்கத்தைப் பற்றியதே அல்ல, நீ யாருடையவன் என்பதைப் பற்றியது என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு ரபி, குத்தியது தெய்வத்தின் பெயராக இருந்தால்தான் குற்றம் என்கிறார்.

நீ யாருடையவன் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, தம்பி. அன்றும் இல்லை.

வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். 1 கொரிந்தியர் 6-ஐயும் சொன்னேன். "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்று எத்தனை பேர் உன்னிடம் வந்து சொன்னார்கள்! பவுல் அங்கே பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. மையைப் பற்றி அல்ல. ஊசியைப் பார்த்தவுடன் அந்த வசனத்தை உருவுகிறவர்கள், அதே அதிகாரத்தில் சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டிப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் தாண்டிப் போனவள்தான்.

காசா ஊரைச் சேர்ந்த புரொகோப்பியஸ் என்ற விளக்கவுரைகாரர் 6ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவர்கள் பலர் மணிக்கட்டிலோ கையிலோ சிலுவையையோ கிறிஸ்துவின் பெயரையோ குத்திக்கொள்வதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஏசாயா 44:5-க்கு விளக்கம் சொல்லும்போது அதை எழுதுகிறார். கர்த்தருடையவன் என்று ஒருவன் தன் கையில் எழுதிக்கொள்வான் என்றும் அந்த வசனத்தை வாசிக்கலாம். எகிப்தின் கோப்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னச் சிலுவை குத்திக்கொள்கிறார்கள். எருசலேமுக்குப் போன யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாகக் குத்திக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் நம்மைவிடக் குறைந்த விசுவாசிகளா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக எல்லாம் சரியென்று நான் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. நான் குத்திக்கொள்ள மாட்டேன். ரோமர் 14-இல் "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று இருக்கிறது. என் மனம் அதில் இன்னும் கூசுகிறது, கூசுகிற மனதோடு நான் செய்தால் அது எனக்குப் பாவம். உனக்கு அப்படியில்லை. அந்தப் பெண்ணிடமும், "சந்தேகம் இருக்கும்வரை பொறுத்திரு, ஒருவர் மேலுள்ள கோபத்தில் குத்தாதே, பெற்றவர்களுக்குத் தெரியாமல் செய்யாதே" என்றேன். கடைசியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

ஏனென்றால் நீ என்னிடம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை! அம்மா உனக்கு மட்டுமா அம்மா? அவரைக் குளிப்பாட்டியவள் நான். அந்த 8 மாதம் நீ எங்கே இருந்தாய் என்பதை இங்கே எழுத மாட்டேன், எழுதக்கூடாது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு வந்து, அவருடைய கையெழுத்தை உன் தோலில் பதித்துக்கொண்டு, விளக்கடியில் என்னிடம் காட்டிச் சிரித்தாய். நான் எதைக் காட்டுவேன்?

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் அம்மாவின் வேதத்தில் ஏசாயா 41-ஐத் திறந்தேன். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற வசனத்தின் பக்கத்து ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் காகிதம் இல்லை. பிளேடால் சீராக வெட்டியிருந்தாய். குத்துகிறவரிடம் மாதிரிக்காகக் கொண்டு போயிருக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே? அந்தப் புத்தகம் முழுக்க அம்மா கோடு போட்டிருக்கிறார், தேதி போட்டிருக்கிறார். ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை எழுதியது அந்த ஓர் இடத்தில்தான். அதை வெட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் லேவியராகமத்தை வாசித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு நீ கேட்க வேண்டும்.

பாடல் குழு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கட்டும். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "உங்க தம்பி, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். "இளையவர்களுக்கு இடறலாக இருக்கும்" என்றேன். அந்தச் சொல்லை நான் வைத்துத்தான் உன்னைப் பாடவிடாமல் நிறுத்தினார்கள். பலவீனமானவனுக்கு இடறலாக இருக்கக்கூடாது என்று பவுல் சொன்னது, தான் உண்ணும் இறைச்சியைத் தானே விட்டுவிட. அடுத்தவன் தட்டிலிருந்து பிடுங்குவதற்கு அல்ல. அன்று இடறியவள் நான்தான், இளையவர்கள் அல்ல. கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்த அந்த 4 ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்குத் தெரியும். ஐந்தாவது ஞாயிறு நீ வரவில்லை. உன் குரலில்லாமல் பாடினார்கள். நானும் பாடினேன்.

இந்த வாரம் மூப்பர்களுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். அன்று நான் சொன்னது தவறு, என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், சபைப் புத்தகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்பது என் கையில் இல்லை. நீ திரும்ப வருவாயா என்பதும் இல்லை. வா என்று வற்புறுத்த எனக்கு உரிமை இருப்பதாகவும் நினைக்கவில்லை.

மை எப்படித் தோலில் தங்குகிறது என்றும் படித்தேன். மேல்தோலுக்கு அடியில் இருக்கிற அடுக்கில் உடலின் காவல் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றனவாம். அவை சாகும்போது மை வெளியே வரும், பக்கத்தில் வந்து சேரும் புதிய செல்கள் உடனே அதை வாங்கிக்கொள்ளும். அம்மாவின் சுழியை உன் உடம்பு 9 வருடமாகக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தக் கையெழுத்து மறந்துகொண்டே வருகிறது, தம்பி. 'து' நினைவிருக்கிறது. 'போ' எப்படிப் போடுவார் என்று நேற்று ராத்திரி காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

வெட்டிய துண்டு உன்னிடம் இன்னும் இருக்கிறதா? தொலைந்திருந்தாலும் சொல். நான் கத்த மாட்டேன், கொஞ்சம் அழுவேன். கையைப் படமெடுத்து அனுப்பு. நல்ல வெளிச்சத்தில், சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு.

அக்கா