ஆவணங்களை ஆங்கிலமாக்கிப் பிழைப்பவனின் திறந்த மடல்

உச்ச நீதிமன்றத்தின் மாண்பமை நீதிபதிகளுக்கு,

வணக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும் வழக்குகளுக்காகத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. உயர் நீதிமன்றத்தில் தமிழும் வழங்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன்; அது கிடைத்துவிட்டால் என் வருமானத்தில் பாதி போய்விடும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒரு வரப்புத் தகராறு என் மேசைக்கு வரும் வழியைப் பாருங்கள். பத்திரம் தமிழ், பட்டா தமிழ், சாட்சி சொன்னதும் தமிழ். முன்சீப் கோர்ட்டின் தீர்ப்பும் பல வழக்குகளில் தமிழ். அதே வழக்கு இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றப் படியேறும்போது இவ்வளவும் ஆங்கிலமாக வேண்டும். கட்சிக்காரர் காசில் நான் பெயர்க்கிறேன். அதைப் படிக்கும் நீதிபதியோ, பெரும்பாலும், தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்!

ஒரு கிரயப் பத்திரத்தில், ‘வண்டி, மாடு, ஆள் போகவர உள்ள மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட’ என்று இருந்தது. விடிந்தால் தாக்கல். அவசரத்தில் வெறும் ‘பாதை’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். வழக்கே அந்த ‘மாமூல்’ மேல்தான் நின்றது. தலைமுறையாக அனுபவித்துவந்த பாதையா, பக்கத்து நிலத்துக்காரர் தயவில் விட்டதா என்பதுதான் தகராறு. (மாமூல் என்றதும் இன்று கையூட்டுதான் நினைவுக்கு வரும்; பத்திர எழுத்தர் தமிழில் அது நெடுநாள் வழக்கம்.) வழக்கறிஞரின் குமாஸ்தா கண்ணில் பட்டதால் பிழைத்தோம். பாதைக்குச் சொந்தம் கொண்டாடிய பெரியவர் அப்போது எனக்கு எதிரே, மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் விட்ட சொல் எது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அரசமைப்பின் 348(2) பிரிவு வழி விட்டிருக்கிறது. குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, மாநில ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் ஆளுநர் அனுமதிக்கலாம். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், ஆங்கிலப் பெயர்ப்பு உடனிருந்தால் தீர்ப்பையும் அம்மொழியில் எழுதலாம் என்கிறது. ராஜஸ்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி உள்ளே போய்விட்டது. தமிழுக்குக் கேட்டு எங்கள் சட்டப்பேரவை 2006 டிசம்பர் 6 அன்று தீர்மானம் போட்டது. அது உங்கள் வாசலில் நின்றது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கேட்க வேண்டும் என்று 348(2)இல் ஒரு சொல்லும் இல்லை. அவரைக் கேட்டாக வேண்டும் என்று 1965 மே மாதம் மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவுதான் அந்த வாசலுக்குப் பூட்டு. 2012 அக்டோபரில், நீதிபதிகள் எல்லோரும் கூடும் உங்கள் முழுக்கூட்டம் மறுத்தது. மீண்டும் கேட்டதற்கு 2016இல் ஒருமனதாக மறுத்தது.

வெளிமாநிலத்திலிருந்து மாறுதலாகி வரும் நீதிபதிக்குத் தமிழ் தெரியாதே என்பார்கள். உண்மைதான், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி வெளியிலிருந்து வருவதே வழக்கம். ஆனால் இந்தி தெரியாத நீதிபதி பீகாரின் பாட்னா உயர் நீதிமன்றத்துக்குப் போவதில்லையா? அவருக்கு அங்கே எப்படி முடிகிறதோ அப்படி இங்கேயும் முடியும். தமிழ் தெரியாத அந்த ஒருசிலருக்காக நான் பெயர்த்துக் கொடுக்கிறேன், நீதிமன்றச் செலவில். இப்போது தமிழ் தெரிந்தவர்களுக்காக ஏழைக் கட்சிக்காரர் செலவில் அல்லவா பெயர்த்துக்கொண்டிருக்கிறேன்?

தமிழில் சட்ட நூல்கள் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தை விரட்டும்படி கேட்கவில்லை. தமிழில் வாதாட விரும்புகிறவர் வாதாடட்டும், தமிழ்ப் பத்திரம் தமிழாகவே கோப்பில் இருக்கட்டும்.

அந்தக் கோரிக்கையை இன்னொரு முறை முழுக்கூட்டத்தின் முன் வையுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதி, ஒரு படியை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அந்தப் பெரியவருக்கு நான் கூலி வாங்காமல் பெயர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்