பூமர் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர்களுக்கு

1946 முதல் 1964 வரை பிறந்த அப்பாக்கள், அம்மாக்கள், பெரியப்பா, அத்தை, மாமாக்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் 1996-இல் பிறந்தவள், புதுக்கோட்டைப் பக்கம். போன மாதம் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது அப்பா ஏதோ புத்தி சொல்ல ஆரம்பித்தார். "பூமர் மாதிரி பேசாதீங்கப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, "பூமர்னா என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

அது அமெரிக்காவில் பிறந்த சொல். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பிய பிறகு, 1946-லிருந்து 1964 வரை அங்கே குழந்தைகள் ஏகத்துக்கும் பிறந்தார்கள். அதை 'பேபி பூம்' என்றார்கள், அப்போது பிறந்தவர்கள் பூமர்கள். இப்போது நாங்கள் அதைப் 'பழைய காலத்து ஆள்' என்று கேலி செய்யச் சொல்கிறோம். அங்கே அது வேலையும் வீடும் காரும் பெருகிய காலம். அதே வருடங்களில் இங்கே பிறந்த உங்களுக்கு ரேஷன் வரிசையும், அந்த அமெரிக்காவிலிருந்தே கப்பலேறி வந்த கோதுமையும் வாய்த்தன. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவை நம்பித்தான் உங்களில் பலர் தட்டோடு பள்ளிக்கூடம் போனீர்கள். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் என் அப்பா.

அம்மாவின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது, காலணா அகலத்துக்கு. அம்மை குத்த ஆள் வந்தாலே பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிவார்களாம். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. என் கையில் இருப்பது பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் சின்னப் புள்ளி மட்டும்தான்.

அம்மாவின் முழங்காலில் இன்னொரு தழும்பு உண்டு. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் 100 பெண்களில் 9 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். நாற்பது வருடம் கழித்து, 1991-இல், எங்கள் மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எட்டாவது படித்திருந்த அம்மா, பக்கத்து ஊரில் கல்குவாரி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார். நடந்தால் முக்கால் மணி நேரம். சைக்கிள் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அந்த இயக்கத்தோடு மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகிய நேரம் அது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள்.

வாடகை சைக்கிளைக் கண்மாய்க் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இடது காலைப் பெடலில் வைத்துத் தத்தித் தத்தி ஓடி, பார் கம்பிக்கு மேல் வலது காலைத் தூக்கிப் போட வேண்டும். மூன்றாம் நாள் சரளையில் விழுந்து முழங்கால் கிழிந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்களாம். "முப்பது வயசுல இவளுக்கு இது தேவையா" என்று ஊரே பேசியது. அம்மா மறுநாள் காயத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் அண்ணனை முன்கம்பியில் உட்காரவைத்து வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

இதை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை. அதே அம்மா போனில் பணம் அனுப்பப் பழகும்போது, ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தியதற்கு நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்மாய்க் கரையில் கைதட்டியவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

அப்பா இருபது வருடம் பேரேட்டில் கையால் கணக்கெழுதியவர். நாற்பது வயதுக்கு மேல் மேசையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பழகி, ஓய்வு பெறும்வரை அதிலேயே வேலை பார்த்தார். அணா போய் நயா பைசா வந்ததிலிருந்து இன்றைக்குக் கைப்பேசிப் பணம்வரை, எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ளாமல் பத்து வருடம்கூட உங்களால் சும்மா இருக்க முடிந்ததில்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தே கற்றுக்கொண்டீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் என்றதும் சாதியைக் கேட்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தச் சண்டையை விடவும் மாட்டேன். ஆனால் அதற்காக உங்களை ஒரே கேலிச்சொல்லில் மூடிவைக்க எனக்கு உரிமை கிடையாது.

அப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்த வார்த்தையை உங்களிடம் இனிமேல் சொல்ல மாட்டேன். அப்புறம், தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறீர்களே, நாளைக்கு அனுப்புங்கள். பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்