இலை நுனியில் இரண்டு நோடு: மலையில் டிசைன் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரி முழுக்க கோரல்டிரா, இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகிற சாஃப்ட்வேர்களில் ஸ்டிக்கரும் பெயர்ப்பலகையும் வரைகிற தம்பி தங்கைகளுக்கு,

நான் குன்னூரில் வைனல் (ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாள்) கட்டிங், லேசர் கட்டிங் செய்கிறேன். நீங்கள் வரைவது கடைசியில் என் மாதிரி ஆட்களின் மெஷினுக்குத்தான் வந்து சேர்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஃபைலை அனுப்பும் முன்னால், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற நோடுகளை, அதாவது கோட்டின் வடிவைப் பிடித்து நிற்கிற புள்ளிகளை, ஜாயின் செய்து ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு டீக்கடைக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தார்கள். நம் ஊரில் வேறென்ன, இரண்டு இலை ஒரு மொட்டுதான். திரையில் பார்த்தபோது ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு நன்றாக வரைந்திருந்தார்கள். வெட்டி முடித்து வேண்டாத வைனலை உரிக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு இலையின் நுனியும் அதோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. பிளேடு மழுங்கிவிட்டதோ என்று மாற்றினேன், அழுத்தத்தைக் கூட்டினேன், மறுபடி வெட்டினேன், மறுபடியும் அதே நுனிகள்தான் பிய்ந்தன. வைனல் ரோல் கோயமுத்தூரிலிருந்து ஏறி வரவேண்டும், அன்றைக்குப் பார்த்து மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. கையில் இருந்ததும் பாதி வீண். அப்புறம்தான் ஃபைலைத் திறந்து நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு நோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன.

அது எப்படி வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இலையின் ஒரு பக்கத்தை மட்டும் வரைவோம், டூப்ளிகேட் எடுப்போம், மிரர் செய்து இடவலமாகத் திருப்புவோம், பக்கத்தில் கொண்டுவந்து பொருத்துவோம். வேகமான, நல்ல வழி, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒட்டியிருப்பது கண்ணுக்கு மட்டும்தான். ஃபைலுக்குள் அது இன்னும் இரண்டு தனிக் கோடுகள். காம்பில் இரண்டு முனை, நுனியில் இரண்டு முனை, நான்கும் அந்தரத்தில் நிற்கின்றன.

திரை இதைக் காட்டாததற்குக் காரணம் உண்டு. இங்க்ஸ்கேப் சேமிக்கிற எஸ்விஜி வகை ஃபைலில் நிறம் நிரப்பும்போது, பாதை, அதாவது வரைந்த கோடு, மூடாமல் இருந்தாலும் இரு முனைக்கும் நடுவில் ஒரு நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொண்டுதான் நிரப்பும். அதனால் இரண்டு அரை இலைகளும் பச்சையாகி முழு இலை போலத் தெரியும். கோரல்டிராவில் செட்டிங்கை மாற்றாதவரை மூடாத வளைவுக்கு நிறமே ஏறாது. நிறம் ஏறவில்லையே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், முனை திறந்திருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

மெஷினுக்கு நிறம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். வைனல் கட்டரின் பிளேடு, தள்ளுவண்டியின் திரும்பும் சக்கரம் மாதிரி, தன் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். மூடிய கோடு என்றால் நுனியில் வெட்டிக்கொண்டே திரும்பி மறுபக்கம் இறங்கிவிடும். இரண்டு தனிக் கோடு என்றால் முதல் கோட்டின் முடிவில் பிளேடு மேலே எழும், பிறகு அடுத்த கோட்டின் தொடக்கத்தில், வேறு திசையைப் பார்த்தபடி மறுபடி இறங்கும். அந்த இடத்தில் ஒரு மயிரிழை வெட்டுப்படாமல் நின்றாலும் போதும், உரிக்கும்போது நுனி போய்விடும். லேசரில் தொல்லை வேறு விதம். ஒரே கோடு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இரண்டு தடவை எரித்து பிளைவுட்டின் ஓரத்தைக் கருக்கிவிடும். உள்ளே இருக்கிற துளையை முதலில் வெட்டு, வெளிவட்டத்தைப் பிறகு வெட்டு என்று சாஃப்ட்வேர் பிரித்துப் பார்ப்பதற்கும் கோடுகள் மூடியிருக்க வேண்டும். வெளிவட்டம் முதலில் வெட்டுப்பட்டால் பலகை அசைந்து துளை இடம் மாறிவிடும்.

சரி, சேர்ப்பது எப்படி? இங்க்ஸ்கேப்பில் முதலில் இரண்டு பாதியையும் கன்ட்ரோல் கே கொடுத்து கம்பைன் செய்யுங்கள், ஏனென்றால் முனைகள் ஒரே பாதைக்குள் இருக்க வேண்டும். பிறகு நோடு டூலை எடுத்து நுனியைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் இழுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் எத்தனை நோடு பிடிபட்டது என்று வரும். ஒன்று என்றால் நல்லது, இரண்டு என்றால் ஷிஃப்ட் ஜே. இரண்டும் நடுப்புள்ளியில் ஒன்றாகிவிடும். நுனி கூராகவே இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், காம்பிலும் இதையே செய்யுங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல் எல் கொடுத்து கம்பைன், பிறகு ஷேப் டூலில் இரண்டு நோடையும் பிடித்து ஜாயின். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு முனையையும் டைரக்ட் செலக்‌ஷன் டூலால் பிடித்து கன்ட்ரோல் ஜே, அங்கே கம்பைன்கூட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் மிரர் சிமெட்ரி என்ற பாத் எஃபெக்டில் ஃபியூஸ் பாத்ஸ் என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வரைந்தால் இரண்டு பாதியும் சேர்ந்தே வரும். எனக்கு மிகவும் பிடித்த வழி அது.

கோரல்டிராவின் ஜாயின் கர்வ்ஸில் எவ்வளவு இடைவெளி வரை சேர்க்கலாம் என்று ஓர் அளவு கொடுக்கலாம். நூற்றுக்கணக்கான துண்டுக் கோடுகளாக வரும் டிஎக்ஸ்எஃப் வகை வரைபட ஃபைலுக்கு அது பெரிய வரம். ஆனால் அளவைத் தாராளமாக வைத்துவிடாதீர்கள், சேரக்கூடாத பக்கத்து முனைகளும் போய் ஒட்டிக்கொள்ளும். சிறிதாக வைத்து, பார்த்து, பிறகு கூட்டுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘குன்னூர்’ என்று மரத்தில் ஒரே துண்டாகப் பெயர்ப்பலகை கேட்கிறார்கள். எழுத்துகளை நெருக்கி வைத்து கம்பைன் மட்டும் செய்து அனுப்பினால், ஒன்றோடொன்று மோதுகிற இடங்களில் கோடுகள் உள்ளே அப்படியே கிடக்கும், லேசர் எழுத்தைக் குறுக்கே அறுத்துவிடும். அங்கே வேண்டியது, மோதுகிற வடிவங்களை ஒரே வெளிக்கோடாக்குகிற கட்டளை: இங்க்ஸ்கேப்பில் யூனியன், கோரல்டிராவில் வெல்ட். சில எழுத்துருக்களில் ஒரே எழுத்தே இரண்டு மூன்று வடிவங்கள் மேற்படிந்து வரும், எழுத்தை கர்வாக, அதாவது வெறும் கோடாக, மாற்றினால்தான் அது தெரியும். அப்புறம் புள்ளி. ன், ர் இரண்டின் புள்ளியும் எதையும் தொடாமல் மேலே மிதக்கின்றன, வெட்டியதும் தனியாக விழுந்துவிடும். எழுத்தோடு ஒரு மெல்லிய காம்பு வைத்து வெல்ட் செய்யுங்கள். புள்ளி இல்லாத ‘குனனூர’ பலகையை யார் வீட்டு வாசலிலும் மாட்ட எனக்கு மனம் வராது.

அனுப்பும் முன் ஒரு நிமிடம் நிறத்தை எல்லாம் அணைத்து, இங்க்ஸ்கேப் என்றால் அவுட்லைன், கோரல் என்றால் வயர்ஃபிரேம், அந்தப் பார்வையில் ஒரு தடவை பாருங்கள். நான் பார்ப்பதும் மெஷின் பார்ப்பதும் அதைத்தான். எங்கே சேரவில்லை என்று பிடிபடாவிட்டால் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்வாக இருப்பேன், உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.