சித்திக்கு எழுதிய வீடு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

உயிலின் நகலைப் படித்துவிட்டு, சித்திக்கு வீட்டைக் கொடுத்தது போலவும் இருக்கிறது, கொடுக்காதது போலவும் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டாய். அந்த வாசகத்தை நான் யோசித்துத்தான் எழுதச் சொன்னேன் என்பதால் நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

"என் வீடு என் தங்கைக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 95ஆம் பிரிவுப்படி, எனக்கு இருந்த முழு உரிமையும் சித்திக்குப் போய்விடும்; சித்திக்குப் பின் அது உங்களுக்கு வரும் என்ற உறுதி இல்லை. பத்திரம் எழுதுபவர் முதலில் கொண்டுவந்த வரைவிலோ, சித்தி வீட்டைச் "சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்" (அதாவது தானம் கொடுக்கவும் விற்கவும் முழு உரிமையோடு) அடையவேண்டியது என்றும், அடுத்த பத்தியிலேயே சித்தியின் காலத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் அடையவேண்டியது என்றும் இருந்தது. விற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இன்னொருவருக்கு எப்படி எழுதுவது? இரண்டு வாசகங்கள் ஒத்துப்போகவே முடியாவிட்டால் பின்னால் உள்ளதே நிற்கும் என்கிறது 88ஆம் பிரிவு. உயிலை முழுவதுமாகச் சேர்த்துப் படித்தே பொருள் கொள்ளவேண்டும் என்கிறது 82ஆம் பிரிவு. எந்த வாசகம் நிற்கும் என்பதே வழக்காகிவிடலாம்; எழுபதைத் தாண்டிய என் தங்கை இதற்காக நீதிமன்றப் படி ஏறக்கூடாது. ஆகவே அந்த அலங்காரத் தொடரை அடித்துவிட்டு, "ஆயுள் முழுவதும் குடியிருந்தும் வாடகையை அனுபவித்தும் வரவேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை" என்று எழுதச் சொன்னேன். இது அவள்மேல் உள்ள அவநம்பிக்கை அன்று. அவளை யாரும் வெளியேற்ற முடியாது என்பதும் இதே வரியில்தான் இருக்கிறது.

சித்திக்குப் பின் நீயும் அக்காவும் "ஆளுக்குச் சரிபாதி" என்று எழுதியதிலும் காரணம் உண்டு. பங்கைப் பிரித்துச் சொல்லாமல் இருவருக்கும் கூட்டாக எழுதினால், ஒருவர் எனக்கு முன்பே போக நேர்ந்தால் முழுவதும் மற்றவருக்குச் சேரும் என்பது பொது விதி. எழுதவே கை நடுங்கினாலும், அப்படி நேர்ந்தால் அந்தப் பங்கு அவரவர் பிள்ளைகளுக்கு என்று தனியாகவே எழுதிவிட்டேன்.

காசுமாலை அக்காவுக்கு. அதை நான் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிட்டால் அந்தக் கொடையும் இல்லாமல் போகும். அதற்கு ஈடாகப் பணம் கேட்க முடியாது. வைப்புத்தொகைக்கும் அதே ஆபத்து இருப்பதால், வங்கியின் பெயரையும் ரசீது எண்ணையும் விட்டுவிட்டு, "என் மரணத்தின்போது என் பெயரில் எந்த வங்கியில் இருந்தாலும்" என்று எழுதியிருக்கிறேன்.

கோயிலுக்கு ரூ.25,000 என்று தொகையைக் குறித்ததற்குக் காரணம் உன் தாத்தாவின் உயில். அவர் "கோயில் கைங்கரியத்துக்குப் பணம் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார். எவ்வளவு என்று சொல்லாமல் பணம் கொடுப்பதாக எழுதினால் அது செல்லாது என்பதைச் சட்டமே 89ஆம் பிரிவில் உதாரணமாகக் காட்டுகிறது. அவர் ஆசைப்பட்டது நடக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

நேற்று சித்திக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். வீட்டு வரியும் பழுதுபார்க்கும் செலவும் யாருடைய பொறுப்பு என்று எழுதவில்லையே என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வரி வாடகையிலிருந்து, பெரிய பழுது வைப்புத்தொகையிலிருந்து என்று சேர்க்க நினைக்கிறேன். உனக்குச் சம்மதமா என்று எழுது. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா