ஆண்டறிக்கை 2024–25: நம் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளியும் பெற்றோர் சொன்னதும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, பெங்களூரு அல்சூர் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு எட்டு முறை கூட்டப்பட்டது. மூன்று முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்தது. நவம்பர் 1 அன்று கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்குக் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. திருவள்ளுவர் தினத்தன்று ஏரிக்கரைச் சிலைக்கு மாலை அணிவித்தோம். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட சிலை அது. அதற்கு 11 பேர்தான் வந்தோம் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இனி, பள்ளிக்கூட விஷயம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். "சங்கத்து வேலையை விட்டுட்டு அக்கா வீடு வீடாகச் சுத்துறாங்க" என்று பேசியவர்களுக்கு இதுதான் என் பதில்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர், நம் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளியின் தரம் மோசம், மூடினாலும் நஷ்டமில்லை என்றார். நான் படித்த பள்ளி அது; அப்போது அங்கே தமிழ் வழி வகுப்பும் இருந்தது. மனது கேட்கவில்லை. பெற்றோரிடமே கேட்டுவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன், நிறைவேறியது. உடன் வருவதாக ஆறு பேர் கை தூக்கினார்கள். முதல் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள், அடுத்த ஞாயிறு ஒருவர். அப்புறம் நானும் படிவக் கட்டும்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் ஏறி இறங்கினேன்.

அங்கே பிள்ளையைச் சேர்க்காதவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "இங்கிலீஷ் வராது, டீச்சர் இல்லை." அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2007-லிருந்தே ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலம் ஒரு பாடம் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் நான்கில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அந்த இடம் கிடையாது என்று 2019 சேர்க்கையிலிருந்து கர்நாடகத்தில் விதி மாறிவிட்டது. அண்ணனுக்கு இலவச இடம் கிடைத்த வீட்டில் தம்பிக்குச் சீட்டுப் பணம் எடுத்துக் கான்வென்ட் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை கான்வென்ட், ஒரு பிள்ளை அரசுப் பள்ளி என்று பிரிக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பிள்ளையைச் சேர்த்தவர்கள் சொன்னது வேறு மாதிரி இருந்தது. அவர்களிடமும் புகார் இருக்கிறது, ஆனால் எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இடம் சுட்டிச் சொன்னார்கள். வீட்டு வேலைக்குக் காலையில் கிளம்பும் ஓர் அம்மா, சூடான பாலும் மதியச் சாப்பாடும் இல்லையென்றால் தன்னால் இரண்டு வீட்டு வேலை பார்க்கவே முடியாது என்றார். பால் திட்டம் 2013-இல் தொடங்கியது. முட்டை 2024-லிருந்து வாரம் ஆறு நாளும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு பாட்டி, தன் பேரன் பஸ் போர்டைக் கன்னடத்தில் படித்துச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை என்னிடம் மூன்று முறை சொன்னார். அதே பாட்டிக்கு ஒரு குறையும் உண்டு: மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஒன்றாம் வகுப்பில் பிள்ளை முதல் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. இது நியாயமான குறை.

பலர் சொன்ன இன்னொரு புகார் என்னையும் முதலில் உலுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் இல்லாததால் மாட்டைக் கட்டுவதுபோல் மொத்தமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று ஒரு அப்பா கொதித்தார். நேரே போய்த் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அது 'நலி கலி' முறையாம், ஆடிப்பாடிக் கற்பது. 1995 வாக்கில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. சுவரில் ஒரு கற்றல் ஏணி, கையில் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து மேலே ஏற வேண்டும். அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பையனின் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். முறையில் குறை இல்லை. அதைப் பெற்றோருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, அதுதான் குறை.

ஆனால் ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள். ஒருவர் ட்ரெயினிங், கணக்கெடுப்பு என்று போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஏன் இரண்டே பேர்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. நம் பள்ளியில் இப்போது 54 பிள்ளைகள். டீச்சர் இல்லை என்று பிள்ளையை எடுக்கிறோம். பிள்ளை இல்லை என்று டீச்சர் வருவதில்லை. இன்னும் ஏழு பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரை நாம் சட்டப்படி கேட்கலாம். இந்த ஒரு கணக்கைக் கண்டுபிடித்ததற்காகவே என் ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை என்று நினைக்கிறேன்.

எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவின் கூட்டத்துக்கும் பெற்றோரோடு போனேன். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வந்திருந்தவர்கள் அம்மாக்கள் மட்டுமே, அதிலும் பேசியவர்கள் இரண்டு பேர். நான் உறுப்பினர் இல்லை, பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் விஷயத்தை அவர்களே எழுந்து சொன்னார்கள். பத்து நாளில் தாழ்ப்பாள் வந்தது. குழாய் இன்னும் வரவில்லை. அதற்குக் கொடுத்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது.

இந்த வேலைக்குச் சங்கப் பணத்தில் செலவானது படிவம் அச்சிட்டதற்கும் ஜெராக்ஸுக்குமாக 1,850 ரூபாய். ஆட்டோ செலவு என் சொந்தப் பணம். இரண்டு உறுப்பினர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் "நம்ம பிள்ளைங்க அங்க படிக்கலையே, நமக்கு எதுக்கு?" என்று கேட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அங்கே படிப்பது நம் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளை, நம் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் பிள்ளை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மொத்தத்தில் கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு; விழாச் செலவு கூடியதும் சந்தா வராததும் காரணம். பட்டியலில் 110 பேர் இருக்கிறோம், ஆண்டுச் சந்தா 300 ரூபாய், கட்டியவர்கள் பாதிக்கும் கீழே. மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

விழாவுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், பந்தல், ஒலிபெருக்கி உதவியவர்களுக்கும், கணக்கு சரிபார்த்த நண்பருக்கும், மகளிர் அணிக்கும் நன்றி. வீட்டு வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசிய அம்மாக்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தப் பொறுப்பைத் தனியாகச் சுமக்க எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் இன்றே நோட்டுகளை ஒப்படைக்கிறேன். நானே தொடர வேண்டும் என்றால், இரண்டு பேர் என்னோடு நடக்க வேண்டும். மே மாதத்தில் பள்ளிச் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகப் போகிறோம். உங்கள் வீட்டில் குடியிருப்பவர்களிடம், வேலைக்கு வருபவர்களிடம், ஒன்றாம் வகுப்பு வயதில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த அம்மாவை ஒரு நாள் பள்ளிக்கு உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஏழு பேர் போதும்.

ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலருகே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்