பழைய லேப்டாப்பும் பழைய எழுத்துருக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி, பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை இரண்டே வழிகளைத்தான் காட்டுகின்றன: புதிய கணினி வாங்குங்கள், அல்லது நீட்டிக்கப்பட்ட ஆதரவுக்குப் பதிவு செய்து ஓராண்டைக் கடத்துங்கள். மூன்றாவதாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் ஒன்று இருப்பதை, ஏதோ மென்பொருள் பொறியாளர்களுக்கு மட்டும் உரியதுபோல, ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நான் பொறியாளன் அல்லன். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவருபவன். சில ஆண்டுகளாக என் வேலை முழுவதும் லினக்ஸ் வகைகளுள் ஒன்றான மின்ட் நிறுவிய மடிக்கணினியில்தான் நடக்கிறது. அதில் எது எளிது, எது இடிக்கிறது என்பதையும், இடிப்பவற்றில் பெரும்பகுதி நம் அலுவலகங்களின் கோப்புகளிலிருந்தே வருகிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாக இருந்தால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நிபந்தனை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் மடிக்கணினிகளில் வரத் தொடங்கியதே 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் வாங்கியவை, திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருந்தாலும், ஒரே நாளில் தகுதியிழந்தவை ஆகிவிட்டன. என்னுடையது ஐந்தாம் தலைமுறை ஐ3. 4 ஜிபி ராம், பழைய வகை ஹார்டு டிஸ்க். சர்வீஸ் கடைக்காரர், "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க சார்" என்றுதான் சொன்னார். அவரிடமே இன்னொரு 4 ஜிபி ராமும் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் சிறியதாக ஒன்றும் பொருத்தித் தரச் சொல்லி, அதில் மின்ட்டின் பதிப்புகளில் எளிய கணினிக்கும் ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். எஸ்எஸ்டியால் கிடைத்த வேகத்தை லினக்ஸின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது. ஆனால் மின்ட்டின் குறைந்தபட்சத் தேவையே 2 ஜிபி ராம்தான் என்பதும், இப்போதுள்ள 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கட்டணமின்றி வரும் என்பதும், ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குச் சிறிய செய்திகள் அல்ல.

நிறுவுவதைப் பற்றிய அச்சம் தேவையற்றது. ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள கோப்பொன்றைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் எழுதிக்கொண்டால், கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ள எதையும் தொடாமலே ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, டச்பேட் ஒழுங்காக நகர்கிறதா என்று சோதித்துவிட்டு, மனத்துக்கு ஒப்பினால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம். சில மடிக்கணினிகளில் வைஃபை மட்டும் தொடக்கத்தில் கிடைக்காது. அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற நிலை வரும். செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து செல்போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் வசதியைத் திறந்துவிட்டால், அந்த இணைப்பிலேயே டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். நிறுவுவதற்கு முன் சொந்தக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது.

அன்றாடப் புழக்கத்தில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே அதன் சிறப்பு. மின்கட்டணம், ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் வெப், காணொலிக் கூட்டம் ஆகிய யாவும் பிரவுசருக்குள் நடப்பவை. பிரவுசருக்குக் கீழே எந்த இயங்குதளம் இருக்கிறது என்று அவை கேட்பதில்லை. வாழ்நாள் சான்றைச் செல்போனில் முகம் காட்டியே பதிந்துவிடலாம். மேம்பாடுகள் வந்திருப்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு சிறு கேடயக் குறி காட்டும். நமக்கு வசதிப்பட்டபோது நிறுவிக்கொள்ளலாம். மனு பாதியில் இருக்கும்போது தானாக அணைந்து எழும் பழக்கம் இதற்கு இல்லை.

லினக்ஸில் வைரஸே வராது என்று சிலர் சொல்வது மிகை. போலி வங்கித் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைப் பொறுத்தவரை எனக்கு நிம்மதி உண்டு. அதிலிருந்த ஃபோல்டர்களெல்லாம் காணாமல்போய் அவற்றின் பெயரில் ஷார்ட்கட்டுகள் மட்டும் தெரியும் தொல்லையை அறியாதவர் குறைவு. அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால், மறைக்கப்பட்ட ஃபோல்டர்கள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். வேண்டாதவற்றை அழித்துவிட்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம். சங்க உறுப்பினர்களில் சிலர் இதற்காகவே என் வீட்டுக்கு வருகிறார்கள்.

தமிழில் தட்டச்சு செய்வது விண்டோஸைவிட இங்கே எனக்கு எளிதாக இருக்கிறது. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய விசைமுறைகளுடன் பழைய டைப்ரைட்டர் முறையும் கிடைக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த என் தலைமுறையினருக்கு அந்தக் கடைசி முறை ஒன்றே போதும், விரல் மறக்காது. நான் தமிழ்99க்கு மாறிக்கொண்டேன். 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த அந்த விசைப்பலகையில், 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழும். 'ங'வை அடுத்துக் 'க' வந்தாலும் அப்படியே. தமிழின் இயல்பறிந்து வகுத்த முறை என்பதை நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவரே உணர முடியும்.

இனி இடிக்கும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத்துக்கு அலுவலகங்களிலிருந்தும் பிற சங்கங்களிலிருந்தும் மின்னஞ்சலில் வரும் சுற்றறிக்கைகளில் கணிசமானவை இன்றளவும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. இவற்றில் தமிழ் எழுத்து என்று எதுவும் உண்மையில் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பக்கம் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான். பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில் என்பதால், எழுத்துக்கு ஓர் அரைப்புள்ளி சிதறிக் கிடப்பதை வைத்தே 'இது பாமினி' என்று இப்போது என்னால் சொல்லிவிட முடிகிறது. இப்படியொரு கோப்பைப் பார்த்தவுடன், "உங்க லினக்ஸ்ல தமிழ் தெரியல பாருங்க" என்று நண்பர்கள் சொல்லிவிடுகிறார்கள். எழுத்துரு நிறுவப்படாத விண்டோஸிலும் செல்போனிலும் அது இதே கோலத்தில்தான் தெரியும் என்பதைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். உடனே தமிழ் தெரிந்துவிடும். ஆனால் 'அகவிலைப்படி' என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்துகளின் வரிசையில் அடுக்கும். பார்வையற்றவருக்குக் கோப்பைப் படித்துக்காட்டும் மென்பொருள் அதை உளறலாகப் படிக்கும். ஆகவே, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே நான் எதையும் சேமிக்கிறேன். ஓப்பன்-தமிழ் என்னும் திறமூல நிரல்தொகுப்பில் பாமினி, டாப், டாம், டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களை மாற்றித்தரும் வசதி உண்டு. எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் தம்பி அதை ஒரு சொடுக்கில் இயங்கும்படி அமைத்துக் கொடுத்தார். ஸ்கேன் செய்து அனுப்பப்படும் அரசாணைகளுக்கு டெஸராக்ட் என்னும் எழுத்துணரி இருக்கிறது. அது 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும் என்பதால் ஒருமுறை பிழைதிருத்த வேண்டும். ஆயினும் முழுப்பக்கத்தையும் மறுபடி அடிப்பதைவிட மேல்.

யூனிகோடில் வரும் கோப்புகளிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. விண்டோஸில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் அமைத்த விண்ணப்பப் படிவத்தை லினக்ஸில் வேர்டுக்கு ஈடாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் திறந்தால், அந்த எழுத்துருக்கள் இங்கு இல்லாததால் நோட்டோ அல்லது லோஹித் எழுத்துரு அவற்றின் இடத்தைப் பிடிக்கும். எழுத்தின் அகலம் மாறும், கட்டங்கள் நகரும், ஒரு பக்கப் படிவம் கையொப்ப வரியை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். இருபது பேருக்கு நகலெடுத்த பிறகு அதைக் கவனித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். மக்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தை வேர்டு கோப்பாக வெளியிடுவதே தவறு என்பது என் கருத்து; பிடிஎஃப் எதற்காக இருக்கிறது?

லினக்ஸ் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் வாதிடவில்லை. டேலி, கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. எனவே கணக்கரும், பிளக்ஸ் பேனர் அடிப்பவரும், அச்சகத்தாரும் விண்டோஸை விட முடியாது. வலைப்பின்னலில் இணையும் புதிய பிரிண்டர்கள் டிரைவர் இன்றியே வேலை செய்கின்றன. ஆனால் சிறு அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றைப் பேசவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இறுதியில் அதை உறவினருக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே மாற விரும்புபவர் முதலில் தம் பிரிண்டரின் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் இரண்டாயிரத்துப் பத்துக்கு முன்பே தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தவற்றில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றிருந்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆளில்லை. நானறிந்த பிள்ளைகள் பலர், "இடத்தை அடைக்குது" என்று கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், இயங்குதளத்தைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியைக் கொடுக்காமல் விட்டதன் விளைவு புரியும்.

எழுத்துருவைப் பொறுத்தவரையும் இதே கதைதான். 2010 ஜூன் மாதத்திலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும், யூனிகோடு இயங்காத இடங்களில் மட்டும் டேஸ்16 என்னும் தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்து அரசாணை பிறப்பித்துவிட்டது. அன்று பிறந்த குழந்தை இன்று மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் வயதை எட்டிவிட்டது. சுற்றறிக்கைகள் மட்டும் இன்னும் பழைய எழுத்துருவில் வந்துகொண்டிருக்கின்றன. தட்டச்சர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே விசைமுறையில் அடித்தவருக்கு, அதே டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடில் அடிக்க முடியும் என்பதை யாரும் காட்டவில்லை. விண்டோஸாக இருந்தாலும் லினக்ஸாக இருந்தாலும் அதைக் காட்ட அரைநாள் பயிற்சி போதும்.

எனவே தங்கள் நாளிதழ் வாயிலாகத் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு என் வேண்டுகோள்கள் இவை. வெளியே அனுப்பப்படும் கோப்பு எதுவாயினும் யூனிகோடிலேயே இருக்க வேண்டும் என்று, 2010ஆம் ஆண்டு அரசாணையைச் சுட்டித் துறைத் தலைவர்கள் வழியாக மீண்டும் வலியுறுத்த வேண்டும்; பழைய எழுத்துருவில் வரும் கோப்பைத் திருத்தி அனுப்பும்படி திருப்பியனுப்பும் அதிகாரம் பிரிவு எழுத்தர் வரை இருக்க வேண்டும். பொதுமக்களுக்கான படிவங்களை நிரப்பக்கூடிய பிடிஎஃப் வடிவில் வெளியிட வேண்டும். விண்டோஸ் 10 இயங்கும் அரசு அலுவலகக் கணினிகளைக் கழித்து ஏலத்தில் விடும் முன், அவற்றில் லினக்ஸ் ஓடுமா என்று சோதித்து, ஓடுபவற்றை ஊர்ப்புற நூலகங்களுக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவற்றை நிறுவித் தரவும், வாரம் ஒரு மாலை வந்து தமிழ்99 சொல்லித்தரவும் நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலகப் பணியாளர்,
கும்பகோணம்.